மஸ்கட்டிலிருந்து ஜெபல் ஷம்ஸ்: ஒரே நாளில் போய், நடந்து, திரும்புவது எப்படி

மஸ்கட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஒமானிலேயே உயரமான மலையான ஜெபல் ஷம்ஸ் போயிருப்பார்கள். போட்டோ கேட்டால் ஒரே மாதிரிதான் இருக்கும்: இரும்புத் தடுப்பு, அதில் சாய்ந்து நிற்கும் குடும்பம், பின்னால் பள்ளத்தாக்கு. "நடந்தீர்களா?" என்று கேட்டால், "எங்கே நேரம்? போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது" என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. அத்தனை தூரம் வண்டி ஓட்டி, அரேபியாவின் மிகப் பெரிய பள்ளத்தாக்குகளில் ஒன்றின் விளிம்பு வரை போய்விட்டு, அதற்குள் போகும் பாதையில் கால் வைக்காமல் வருவதா?

அதனால் இந்தக் குறிப்பு முழுவதும் ஒரே நோக்கத்தில் எழுதியது. அன்றைய நாளின் மையம் அந்த நடை. கார் பயணம், காலைச் சாப்பாடு, வேடிக்கை எல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும். நான் மஸ்கட்டின் ரூவி பகுதியில் குடியிருக்கிறேன், வண்டி நானே ஓட்டுகிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் குளிர்காலமாக இருந்தால் அவர்களை இங்கேதான் கூட்டிப் போகிறேன். ஆகவே நேரக் கணக்கு ரூவியிலிருந்து போட்டது. அல் குவைர், சீப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மலை மேலே மஸ்கட்டை விடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும் என்பதை நம்பி ஜூன், ஜூலையில் கிளம்புகிறார்கள். காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் வெயில் வெயில்தான், நடக்கும் பாதையில் மரநிழல் கிடையாது. சுண்ணாம்புப் பாறை வாங்கின வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். கோடையில் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வரலாம், நடை வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் எதிர்ப்பக்கத்துத் தவறு நடக்கிறது. மஸ்கட்டில் டீ-ஷர்ட் போட்டுக் கிளம்பி, மேலே போய்க் கதவைத் திறந்ததும் காற்று வெட்டும். அந்த மாதங்களில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். காலை ஒன்பது மணிக்குக்கூட ஸ்வெட்டர் தேவைப்படும். பிள்ளைகளுக்குக் காது மூடும் குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழமை என்று பார்த்தால் நான் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை காலை, வழியில் வரும் நிஸ்வா ஊரில் ஆட்டுச் சந்தை. அது பார்க்க வேண்டிய ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்குள் நுழைந்தால் ஒன்பது மணிக்கு முன் வெளியே வர மாட்டீர்கள், நடை போச்சு. தவிர வெள்ளி மத்தியானத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். சந்தைக்குத் தனியாக இன்னொரு வெள்ளிக்கிழமை வையுங்கள்.

மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் பேச்சே வேண்டாம். இந்த மலைகளில் மண் மிகக் குறைவு. பெய்கிற தண்ணீர் ஊறாமல் பாறையில் வழுக்கிக்கொண்டு நேரே வாதிக்கு, அதாவது மழை பெய்தால் ஓடும் வறண்ட ஆற்றுப் படுகைக்கு, வந்துவிடும். தலைக்கு மேலே நீல வானம் இருக்கும்போதே, எங்கோ மேலே பெய்த மழை உங்கள் சாலையைக் கடந்து ஓடும். சாலை வாதியைக் கடக்கும் இடங்களில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கத்தான் அவை. ஓடுகிற வாதியில் வண்டியை இறக்குவது ஒமானில் சட்டப்படி குற்றம். தண்ணீர் வடியும்வரை கரையில் காத்திருப்பதுதான் ஒரே வழி.

வண்டி

ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுங்கள். பாதை பெரும்பாலும் நல்ல தார்ச் சாலை. ஆனால் மலை ஏற்றத்தில் சரளை மண் சாலையும் உண்டு. சின்ன கார்களும் அதில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்கும்போதுதான் பிரேக்கும் டயரும் படாதபாடு படும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத் தாளைப் படியுங்கள், தார் இல்லாத சாலையில் இன்சூரன்ஸ் செல்லாது என்று எழுதியிருக்கும் வண்டிகள் நிறைய.

சின்ன கார்தான் இருக்கிறது என்றால் மனதைத் தளரவிட வேண்டாம். மலையடிவார ஊரான அல் ஹம்ராவிலிருந்து ஷரஃபத் அல் அலமைன் என்ற காட்சிமுனை வரை தார்ச் சாலை போகிறது. அதுவும் கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம். அங்கிருந்து மலையின் மறுபக்கம் முழுவதும் தெரியும். ஆனால் அந்த இடத்தைத் தாண்டி வாதி பனீ அவ்ஃப் பக்கம் இறங்கும் மண் சாலையில் மட்டும் போகாதீர்கள். அது மலைச் சாலையில் நன்றாகப் பழகியவர்களுக்கானது. ஜெபல் ஷம்ஸையும் அதையும் ஒரே நாளில் சேர்க்கவும் கூடாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டெப்னி டயரைப் பாருங்கள். காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பானர் இருக்கிறதா என்று கையால் எடுத்துப் பாருங்கள். பெட்ரோலை நிஸ்வாவிலோ அல் ஹம்ராவிலோ நிரப்பிவிட வேண்டும், மலை மேலே பங்க் இல்லை. போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் வரும், போகும். போலீஸ் அவசர எண் 9999. குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் அது இருக்கட்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். இதில் ஒன்றரை லிட்டர் முதுகுப் பையில், மீதி வண்டியில். குளிர்காலத்தில் வேர்வை தெரியாது. காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடும். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். அரை மணிக்கு ஒரு முறை எல்லோரும் நின்று நாலு வாய் குடிக்க வேண்டும் என்று நான் சட்டமே போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் புளியோதரைதான். முந்தின இரவே கிளறி, ஆறவிட்டு, ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடுவேன். மறுநாள் மதியம் ருசி கூடியிருக்கும். தயிர் சாதம் வண்டிச் சூட்டில் புளித்துவிடும், வேண்டாம். கூடவே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். வாழைப்பழம் வேண்டாம், முதுகுப் பைக்குள் நசுங்கும். ஆடுகளும் அதை நூறடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடும். ஆடுகள் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிடிமானம் உள்ள ஷூ, தொப்பி, வெயில் கண்ணாடி. செருப்போடு யாரும் வர வேண்டாம். உடை விஷயத்தில், நாம் போவது ஆட்கள் வாழும் மலை ஊர்களுக்கு. தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

விடியலில் கிளம்புதல்

காலை ஐந்தரைக்கு வண்டி நகர வேண்டும். டிசம்பரில் சூரிய உதயம் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். ஐந்தரைக்குக் கிளம்பினால் சமாயில் பள்ளத்தாக்கில் போகும்போது வெளுக்கத் தொடங்கும். இந்தச் சாலையை இருட்டில் ஓட்டிக் கடப்பது பாவம்.

ஹஜர் மலைத்தொடரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கும் இடைவெளி இந்தச் சமாயில். மஸ்கட்டிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் பாதை காலங்காலமாக இதுதான். இருபக்கமும் கறுப்பும் பழுப்புமாகப் பொடிந்த மாதிரிக் குன்றுகள் நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள், "என்ன இது, எரிந்துபோன மாதிரி இருக்கிறது?" என்பார்கள். அந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. கடல் தரையும், அதற்கும் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறையும், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் நிலத்தின் மேல் தள்ளப்பட்டு இங்கே கிடக்கின்றன. பூமியின் உள்பகுதியை இவ்வளவு பரந்த இடத்தில் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைப்பது அரிது. உலகம் முழுவதிலிருந்தும் புவியியலாளர்கள் இதற்காகவே ஒமானுக்கு வருகிறார்கள்.

பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் நிறுத்தி, வெட்டுப் பாறையின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கறும்பழுப்புப் பாறைக்குள் வெள்ளை நரம்புகள் ஓடியிருக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயு மழைத் தண்ணீரில் கரைந்து, விரிசல் வழியே இறங்கி, பாறையோடு சேர்ந்து அப்படி வெள்ளைக் கல்லாக உறைகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடாதீர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கிற கரியமில வாயு, இதோ விரலால் தொடும்படி கல்லாக நிற்கிறது.

நெடுஞ்சாலை நல்ல சாலை, மணிக்கு 120 கி.மீ. வரை போகலாம். கேமராக்கள் நிறைய இருக்கின்றன. நிஸ்வா சுமார் 160 கி.மீ., ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே ஏதாவது ஒரு காபி ஷாப்பில் பரோட்டா, முட்டை, கரக் டீ. அரை மணி நேரம், அதற்கு மேல் கூடாது. கோட்டை அழைக்கும். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான வட்டக் கோபுரத்தை வண்டிக்குள் இருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நகருங்கள். ரோட்டோரத்தில் ஃபலஜ் தாரிஸ் என்ற கால்வாயின் பெயர்ப்பலகையும் வரும். ஒமானின் பழைய நீர்ப்பாசனக் கால்வாய்கள் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது, அவற்றில் இது ஒன்று. அதற்கும் இன்னொரு நாள்.

கூல் கிராமமும் மலை ஏற்றமும்

நிஸ்வாவிலிருந்து பஹ்லா போகும் சாலையில் போய், அல் ஹம்ராவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். பிறகு வாதி கூல், ஜெபல் ஷம்ஸ் என்று பழுப்புப் பலகைகளே கூட்டிப்போகும். பள்ளத்தாக்கின் வாய் கூல் கிராமத்தில்தான் திறக்கிறது. அங்கே சாலை ஓரத்தில் நிறுத்துங்கள். கீழே வாதியின் கரையில் பச்சைப் பசேலென்று வயலும் பேரீச்ச மரங்களும் இருக்கும். எதிர்ச் சரிவைப் பார்த்தால் முதலில் வெறும் பாறைதான் தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை அங்கேயே வையுங்கள். ஒரு சதுர ஓட்டை தெரியும், அது ஜன்னல். அப்புறம் ஒரு சுவர், ஒரு வாசல், ஒரு மாடி, கடைசியில் சரிவு முழுக்க ஒரு பழைய ஊரே எழுந்து நிற்கும். அந்தப் பாறையையே எடுத்துக் கட்டியதால் நிறம் வேறுபடவே இல்லை.

இங்கிருந்து ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் வரும். கொல்லிமலை, வால்பாறை ஓட்டியவர்களுக்கு வளைவுகள் புதிதல்ல, ஆனால் இங்கே மரமோ புதரோ தடுப்பாக இருக்காது, பள்ளம் நேராகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் "ஐயோ" என்று சத்தம் போடாமல் இருப்பது ஓட்டுநருக்குப் பெரிய உதவி. ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். சரளைச் சாலை தொடங்கியதும் ஃபோர் வீலுக்கு மாற்றி, மணிக்கு 30 கி.மீ.க்குள் போங்கள். முன்னே போகும் வண்டியின் புழுதி அடங்கும்வரை இடைவெளி விடுங்கள். புழுதிக்குள் எதிரே வரும் வண்டி தெரியாது, ஆடும் தெரியாது.

மேலே போகப் போக மலை நிறம் மாறும். சமாயிலில் பார்த்த கறும்பழுப்பு போய், சாம்பலும் வெளிர்மஞ்சளுமாகச் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக வரும். முறுக்கிய அடிமரத்தோடு ஜூனிப்பர் மரங்கள் அங்கங்கே தெரியும். பாலைவன நாட்டில் இந்த உயரத்துக்கு மேல்தான் அவை வளரும். காட்டு ஒலிவ மரங்களும் உண்டு.

ஒன்பதேகால் வாக்கில், எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தக் காட்சிமுனை. கீழே பள்ளத்தாக்கு சுமார் 1000 மீட்டர் ஆழம். எதிரே தெரிகிற உயரமான முகடுதான் ஜெபல் ஷம்ஸ் சிகரம், ஏறத்தாழ 3000 மீட்டர், ஒமானிலேயே உயரமானது. உச்சியில் ராணுவத் தளம் இருப்பதால் அங்கே போக அனுமதி இல்லை. தெற்கு முகடு வரை ஒரு நடைபாதை போகிறது, ஆனால் அது நாள் முழுக்க நடக்க வேண்டிய கடுமையான ஏற்றம். இந்தப் பயணத்தில் அதை நினைக்க வேண்டாம்.

காட்சிமுனையில் பதினைந்து நிமிடம் போதும். ஆட்டு ரோமத்தில் நெய்த விரிப்புகளைப் பாறைகளில் தொங்கவிட்டு விற்பார்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் போட்ட விரிப்புகள் இந்த மலையின் கைவேலை. பெரியது வாங்க முடியாவிட்டால் சாவிக்கொத்துக் குஞ்சமாவது, கைப்பட்டையாவது வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டுவார்கள். இதற்கென்று 100, 500 பைசா நோட்டுகளை மாற்றி வைத்திருங்கள். சாக்லேட் கொடுத்துப் பழக்க வேண்டாம், பொருளை வாங்கிக் காசு கொடுப்பதே மரியாதை. பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

நடை

சாலை அல் கிதைம் என்ற சின்னக் குடியிருப்பில் முடிகிறது. நிறுத்துமிடத்தில் டபிள்யூ 6 என்று பலகை இருக்கும். பால்கனி வாக் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். பள்ளத்தாக்கின் சுவரில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பாறைத் தட்டு இயற்கையாகவே நீண்டு போகிறது. அதன் மேல் நடந்தால் அஸ் ஸாப் என்ற, ஆள் இல்லாமல் விட்டுப்போன கிராமத்துக்குப் போய்ச் சேரலாம். ஒரு வழி 4 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நின்று நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. போகும்போது மொத்தத்தில் கொஞ்சம் இறக்கம், திரும்பும்போது அது ஏற்றமாகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பாதை தவறாமல் இருக்க, பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள் வரைந்திருக்கிறார்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறி தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தும் குறி வரவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள். ஆட்டுத் தடங்கள் நிறையக் கிளை பிரியும், அவை பள்ளத்தை நோக்கியும் போகும்.

தொடக்கத்தில் கொஞ்ச தூரம் கற்கள் நிறைந்த இறக்கம். இங்கேதான் வழுக்கும். வெட்டவெளிப் பாறையில் கிடக்கும் பொடிக் கற்கள் கோலிக்குண்டு மாதிரி உருளும். காலைத் தட்டையாக வைத்து, சின்ன அடியாக எடுத்து வையுங்கள். பிறகு பாதை சமமாகிவிடும், பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து போகும் அகலம் இருக்கும். சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். தடுப்புக் கம்பி எங்கேயும் இல்லை.

உயரம் என்றால் பயப்படுபவர்கள் இதைப் படித்ததும் பின்வாங்க வேண்டாம். என் பெரியம்மா கோவில்பட்டிக்காரர், மாடிப்படியில்கூடச் சுவரைப் பிடித்துத்தான் இறங்குவார். அவரை இந்தப் பாதையில் கூட்டிப் போனேன். செய்தது இவ்வளவுதான்: பாறைச் சுவர்ப் பக்கம் அவர், பள்ளப் பக்கம் நான். கண் அடுத்த பத்தடியில் இருக்க வேண்டும். பார்க்க ஆசை வந்தால் முழுதாக நின்று, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பார்க்க வேண்டும். நடந்துகொண்டே பார்ப்பது கிடையாது. சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் பாறையைத் தடவிக்கொண்டே வந்தார். தடவினபடியே ஓர் இடத்தில் நின்று, "இங்க பாரு, சிப்பி" என்றார். பாறையில் சிப்பி வடிவம் பதிந்து கிடந்தது. இந்த மலையும் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். நான் அதுவரை பள்ளத்தையே பார்த்து நடந்ததால், சுவர்ப் பக்கம் நடப்பவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். எட்டு வயதுக்குக் கீழே என்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கையைப் பிடித்து நடக்க வேண்டும். அதற்கு ஆள் போதாது என்றால் ஒருவர் பிள்ளைகளோடு மேலேயே இருங்கள். "ஓடாதே" என்று ஒரு முறை சொன்னால் கேட்கிற பிள்ளையா என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். காற்று பலமாக வீசும் நாளில் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் வேலை பெரியவர்களுக்கும் வேண்டாம். தொப்பி பறந்தால் பறந்ததுதான், எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.

பள்ளத்தாக்குப் பக்கம் நின்று பார்க்கும்போது கீழே பாருங்கள், மேலே அல்ல. இங்கே கழுகுகள் நமக்குக் கீழே பறக்கும். வெள்ளை உடல், சிறகின் ஓரம் கறுப்பு, மஞ்சள் முகம். மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சி வேளையில் வந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிப் போன இரண்டு கழுகுகள் இந்த இனம்தான். அங்கே அவை இப்போது வருவதில்லை. ஒமானில் இன்னும் நல்ல எண்ணிக்கையில் வாழ்கின்றன. நம் ஊர்க் கோயிலில் அண்ணாந்து பார்த்த பறவையின் முதுகை இங்கே நாம் மேலிருந்து பார்க்கிறோம். இறகை அசைக்காமல், வெயிலில் சூடேறி எழும்பும் காற்றிலேயே சுற்றிச் சுற்றி நம் உயரத்துக்கு வந்து, நம்மைத் தாண்டிப் போய்விடும். பத்து மணிக்கு மேல் பாறை சூடாகிக் காற்று எழும்பும்போது பார்க்க வாய்ப்பு அதிகம். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள்.

ஆடுகள் கூடவே வரும். பையை முதுகிலிருந்து இறக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஜிப்பில் வாய் வைக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உணவு கொடுக்காதீர்கள். முக்கியமாகப் பிளாஸ்டிக் பையைக் கீழே வைக்காதீர்கள், அதையும் தின்னும். அவை யாரோ ஒருவரின் பிழைப்பு.

அஸ் ஸாப்

ஒரு வளைவைத் தாண்டியதும் பாறை குடை விரித்த மாதிரி வெளியே நீண்டிருக்கும். அதன் அடியில் வீடுகள். பின்சுவரும் கூரையும் மலையே, முன்னால் மட்டும் கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். குனிந்துதான் நுழையும்படி வாசல்கள். எதிரே, பள்ளத்தை நோக்கி இறங்கும் சரிவில், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். பாறையில் கசியும் தண்ணீரை நம்பி இங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. நாம் வந்த அதே பாதையில்தான் சுமந்து வந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும்.

பெரியம்மா அந்த வயல்களில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாலேயே அளந்தார். "இதுல ஒரு மரக்கால் விதை போகாதேடி. இதுக்கா இவ்வளவு கல்லு சுமந்திருக்காங்க?" என்றார். கரிசல் காட்டில் மழையை நம்பி விதைத்த குடும்பத்துக்காரர். அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் அந்தக் கல்வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய கல் அடியில், சின்னக் கல் இடுக்கில், மண் கரையாதபடி. மனிதர் போய்ப் பல வருடம் ஆகியும் பெரும்பாலான வரிசைகள் இன்னும் நிற்கின்றன.

இங்கே ஒரு மணி நேரம் இருங்கள். புளியோதரைப் பொட்டலத்தைப் பாறை நிழலில் பிரிக்கலாம். வீடுகளுக்குள் நுழைய வேண்டாம், சுவர்கள் தளர்ந்திருக்கின்றன. உள்ளே கிடக்கும் உடைந்த பானை ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. படிக்கட்டு வயலின் கல்வரிசை மேல் ஏறி நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். சுவரில் பெயர் கீறுகிறவர்களை ஒரு வார்த்தை சொல்லித் தடுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் உங்கள் பையில் திரும்ப வேண்டும். இந்த வறட்சியில் தோல் மக்காது, அப்படியே காய்ந்து கிடக்கும்.

கிராமத்துக்கு மேலே, பாறைகளில் ஏறிப் போனால் ஒரு சுனை இருக்கிறது. கையையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. பழக்கமும் நேரமும் இருந்தால் மட்டும் போங்கள், குளத்தில் தண்ணீர் மழையைப் பொறுத்து இருக்கும். அதே பகுதியில் பாறையில் இரும்புக் கம்பி பதித்த ஏறுபாதையும் உண்டு. அதைக் கருவிகளும் வழிகாட்டியும் இல்லாமல் தொடவே கூடாது.

மணி ஒன்று ஆனால் திரும்ப வேண்டும். யார் கெஞ்சினாலும் இந்தக் கெடுவை மாற்றாதீர்கள். மூன்று மணிக்குள் வண்டிக்கு வந்தால்தான் சரளைச் சாலையை வெளிச்சத்தில் இறங்க முடியும். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், மலை நிழல் அதற்கும் முன்பே சாலையில் விழும். கிராமத்தை அடையாவிட்டாலும் பரவாயில்லை. பன்னிரண்டே காலுக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள், பாதையின் பாதிதூரமே முழுதாகப் பள்ளத்தாக்கைக் காட்டிவிடும்.

இறங்குதல்

இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் குறைத்து நிறுத்தும் வசதி இருக்கும், வீட்டில் கிளம்பும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள். எரிந்த ரப்பர் மாதிரி வாடை வந்தால் உடனே அகலமான இடத்தில் ஒதுக்கி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நாலேகாலுக்குள் அல் ஹம்ரா வந்துவிட்டால் ஒரே ஓர் இடம் சேர்க்கலாம். பழைய அல் ஹம்ராவின் மண் வீடுகளுக்கு நடுவே கொஞ்சம் நடக்கலாம், அல்லது பக்கத்தில் மலையோரம் இருக்கும் மிஸ்ஃபத் அல் அப்ரியீன். என் ஓட்டு மிஸ்ஃபத்துக்கு. வெயிலில் காய்ந்த பாறையையே நாள் முழுக்கப் பார்த்த கண்ணுக்கு, ஃபலஜ் தண்ணீர் சலசலவென்று ஓடும் அந்த வாழைத் தோட்டங்கள் தேவைப்படும். வண்டியை ஊருக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போங்கள், அது மக்கள் வாழும் ஊர். குடிதண்ணீரும் பாசனமும் அந்த ஓடையில்தான் என்பதால் காலை நனைக்காதீர்கள்.

நிஸ்வாவில் இன்னொரு கரக் டீ, ஓட்டுநரை மாற்ற முடிந்தால் அங்கே மாற்றுங்கள். தனியாக ஓட்டுபவர் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்பலாம். நெடுஞ்சாலை நேராக, வழுக்கிக்கொண்டு போகும். நாள் முழுக்க நடந்த உடம்புக்கு அதுதான் தூக்கம் வரவழைக்கும் இடம். இரவு எட்டு, எட்டரைக்கு ரூவி. டயரில் சரளைக் கல் சிக்கியிருக்கும், மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் நாலு சக்கரத்தையும் ஒரு தடவை குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள்.